வண்ணார்பேட்டையில் ஒரு நாள் ஜூரிப் பயிற்சி: 500 ரூபாய்க்குத் தகுமா?

கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவன் நான். ஜூரி என்றால், வழக்கைக் கேட்டுக் குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு. பயம் வந்தால் தீர்ப்பு எப்படித் தன் கூட்டத்தின் பக்கம் சாய்கிறது என்பதுதான் பயிற்சியின் தலைப்பு. கொடுத்த காசுக்கு மோசமில்லை. ஆனால் முக்கியமான இடத்தில் நழுவிவிட்டார்கள்.

காலையில் வரலாறு. 1955-இல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயது கறுப்பினச் சிறுவன் கொல்லப்பட்ட வழக்கில், வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி ஒரு மணி நேரம் போல கூடிப் பேசி எதிரிகளை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களை, விடுவித்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. பிடி தளர்கிறதே என்ற பதற்றம் அங்கே வெள்ளையரிடம் இருந்தது. இந்தப் பகுதியை நன்றாகவே நடத்தினார்கள்.

மதியம் சொதிச் சாப்பாடு, இஞ்சித் துவையலோடு. குறை சொல்ல ஒன்றுமில்லை.

அப்புறம் செய்முறை. பைக் திருட்டு வழக்கு, ஒரே சாட்சி, எதிரி வெளியூர்க்காரர். எங்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒன்றுக்கு மட்டும் ராத்திரித் திருட்டுச் செய்திகளை முதலில் படிக்கக் கொடுத்தார்கள். அந்தக் குழு டீ வருவதற்குள் ‘குற்றவாளி’ என்று எழுதிவிட்டது. “இவனை விட்டா நாளைக்கு எங்கடையிலதாம்லா கை வைப்பான்” என்றார் மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவர். சாட்சி பார்த்தபோது தெருவிளக்கு எரிந்ததா என்று மற்ற குழுதான் கேட்டது. இதையே பெரிய நிரூபணம் போலப் பயிற்சியாளர் பேசியது கொஞ்சம் அதிகம். சாட்சியம் பலமாக இருந்தால் தன் கூட்டத்து ஆளையே கூடுதலாகத் தண்டிப்பதும் ஆய்வுகளில் உண்டு. அதை அவர் தொடவே இல்லை.

“கிரிமினல் வழக்கில் ஜூரிதான் நம் நாட்டில் 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு போய்விட்டதே சார்?” என்று ஓர் இளம் வக்கீல் கேட்டதற்கு மழுப்பலான பதில். நீதிபதிகளும் இதற்கு விலக்கில்லை என்று சொல்லியிருக்கலாம். அரிசோனா நீதிபதிகள் 22 பேரை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 1989-இல் வெளிவந்தது. தங்கள் மரணத்தைப் பற்றி முதலில் யோசித்து எழுதியவர்கள், ஒரு விபசார வழக்கு மாதிரியில் சராசரியாக 455 டாலர் ஜாமீன் தொகை விதித்தார்கள். மற்றவர்கள் 50 டாலர். சின்ன ஆய்வுதான். ஆனாலும் ஜூரி இல்லாத நமக்குச் சொல்ல வேண்டியது இதுதானே?

இன்னொன்று, சாதி. நம் பக்கம் தெருப் பெயரைக் கேட்டாலே ஆளை எடை போட்டுவிடுவார்கள். நாள் முழுக்க அந்தப் பேச்சே வரவில்லை. அடுத்த தடவை இரண்டு குழுவுக்கும் ஒரே செய்தித் துண்டைக் கொடுத்து, எதிரியின் தெருப் பெயரை மட்டும் மாற்றிப் பாருங்கள். அதற்கு இன்னொரு 500 கொடுத்து வருகிறேன்.