இணையப் பயிற்சி, வள மையப் பயிற்சி, சக ஆசிரியர்: எது கைகொடுக்கிறது?

வகுப்பறையில் தொழில்நுட்பத்தைக் கையாள ஆசிரியர்களுக்குக் கற்றுத்தர இப்போது மூன்று வழிகள் உள்ளன: தீக்‌ஷா என்ற இணையக் கல்வித் தளத்தில் படிக்கும் நிஷ்தா என்ற மத்திய அரசின் ஆசிரியர் பயிற்சி, வட்டார வள மையத்தில் நடக்கும் நேரடிப் பயிற்சி, ஒருவர் வகுப்பில் சக ஆசிரியர் அமர்ந்து கவனிப்பது. பென்னாகரம் பகுதியில் கணக்கு நடத்தும் எனக்கு மூன்றிலும் அனுபவம் உண்டு.

2020 அக்டோபரில் இணையத்துக்கு வந்த நிஷ்தாவின் பெரும் நன்மை, மலைக்கிராம ஆசிரியர் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே. ஆனால் காணொளியை ஓடவிட்டுவிட்டு விடைத்தாள் திருத்தினாலும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும்; நானும் அப்படிச் செய்தவன்தான்.

வள மையப் பயிற்சியில் கருவியைத் தொட்டுப் பார்க்கலாம், சந்தேகத்தை அங்கேயே கேட்கலாம். ஒரு மையத்தில் ஒரே மடிக்கணினியைச் சுற்றி நாற்பது பேர் நின்றோம். மவுஸ் என் கைக்கு வருவதற்குள் தேநீர் இடைவேளை வந்துவிட்டது. அங்கே செய்துகாட்டிய ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளின் முக்கோணத்திலோ மூன்று கோணங்களின் கூட்டுத்தொகை பிசிறில்லாமல் 180 பாகை வந்தது.

ஏழாம் வகுப்பில் அதையே நடத்தியபோது, உச்சியை இழுத்ததும் திரையில் 46, 65, 70 என்று வர, முன்வரிசை மாணவி கூட்டிப் பார்த்து, "சார், 181 வருதே" என்றாள். கோணங்கள் முழு எண்ணாக்கப்பட்டதால் வந்த வேறுபாடு அது என்பது எனக்கு உடனே உறைக்கவில்லை. என் வகுப்பைக் கவனிக்கப் பின்னால் அமர்ந்திருந்த அறிவியல் ஆசிரியை, "ஒரு தசம இடம் கூட்டுங்க சார்" என்றார், 45.6, 64.7, 69.7 என்று மாறியது. மென்பொருளை இயக்கத் தெரிவது வேறு, அது காட்டுவதைப் பாடமாக்கத் தெரிவது வேறு என்பதால், இரண்டாவதைக் கற்க மூன்றாம் வழியே மேல் என்பது என் முடிவு. பொத்தான்களைப் பழக வள மையமே போதும். அடிப்படை அறிமுகத்துக்கு நிஷ்தா போதும்.

ஆனால் சக ஆசிரியர் வந்து கவனிக்கும் அந்த மூன்றாம் வழிக்கு ஓய்வுப் பாடவேளை வேண்டும். சித்தேரி போன்ற மலைப்பகுதியின் ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் மற்றவர் வகுப்புக்குப் போய் அமர்ந்தால், அவருடைய பிள்ளைகளை யார் பார்ப்பது? அங்கெல்லாம் அக்கம்பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் ஆளுக்கொரு பாடத்தை நடத்திக்காட்டி, மாணவர் கேட்கக்கூடிய கேள்விகளை மற்றவர்கள் கேட்பதே செய்யக்கூடியது.