வாலிபருக்கான வெளிநாட்டு மிஷன் பயணங்கள்: பணம் கட்டும் முன் ஒரு மதிப்பீடு

ஊழியத்துக்காக வெளிநாடு போகிற மிஷன் டிரிப் அறிவிப்பு வந்ததும் வாலிபர்கள் பார்ப்பது நாடு, தேதி, கட்டணம். இந்த மூன்றையும் வைத்து ஒரு பயணம் நல்லதா என்று சொல்லிவிட முடியாது. அங்குள்ள சபை இந்தக் குழுவை என்ன வேலைக்காகக் கேட்டது என்று விசாரியுங்கள். "ஜூலையில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்த ஆறு பேர் வேண்டும், கிட்டார் தெரிந்த ஒருவர் இருந்தால் நல்லது" என்பது போல ஒரு வரியில் பதில் வந்தால் மேற்கொண்டு பேசலாம். "போன பிறகு ஆண்டவர் வழிநடத்துவார்" என்பது மட்டுமே பதில் என்றால் அங்கே திட்டம் எதுவும் இல்லை. ஆண்டவர் வழிநடத்துவார் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே கிடையாது. அவர் அந்த ஊர்ப் போதகரையும் நடத்துகிறார். அவரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அதிகம் நடப்பது 10 முதல் 14 நாள் வரையிலான சபைக் குழுப் பயணம். அதிகம் தவறிப்போவதும் அதுதான். 14 நாளில் போக வர 2 நாள், உடம்பு அந்த ஊர் நேரத்துக்குப் பழக 2 நாள், இடையில் 2 ஞாயிறு, கடைசியில் சுற்றிப் பார்க்க ஒரு நாள். வேலைக்கு மிஞ்சுவது 7 நாள். அதற்குள் ஒரு கட்டடம், ஒரு முகாம், வீடு சந்திப்பு என்று மூன்றையும் திணித்திருந்தால் மூன்றுமே அரைகுறையாகத்தான் நிற்கும்.

கட்டட வேலையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். புதிதாகப் பூசிய சிமெண்ட் சுவர் பக்குவமாக ஏறக்குறைய 28 நாள் ஆகும். அதற்கு முன் பெயிண்ட் அடித்தால் உள்ளே நிற்கிற ஈரம் வெளியே வரும்போது பெயிண்டைத் தள்ளிவிடும். சிமெண்டின் காரமும் பெயிண்டைக் கெடுக்கும். ஆகவே ஒரே குழு 2 வாரத்தில் பூசி, வர்ணமும் அடித்து முடிக்கிற பேச்சுக்கே இடமில்லை. பழைய சுவர் என்றால் முடியும், ஆனால் வரிசை மாறக்கூடாது. உரிந்ததைச் சுரண்டி எடுத்து, வெடிப்பை அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசியைத் துடைத்து, பிரைமர் ஒரு கோட் கொடுத்து, அது நன்றாகக் காய்ந்த பிறகு பெயிண்ட் 2 கோட். சுரண்டுவதிலும் அடைப்பதிலும் பாதி நேரம் போய்விடும். அவசரத்தில் குழுக்கள் விட்டுவிடுவதும் அந்தப் பாதியைத்தான். அடுத்த மழையில் சுவர் உரியும், அடுத்த ஆண்டு இன்னொரு குழு வந்து அதே சுவரில் ரோலர் உருட்டும். உள்ளூர்க் கொத்தனாரும் பெயிண்டரும் வேலை தேடிக்கொண்டிருக்கிற இடத்தில் கூலியை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு வாலிபர்கள் சித்தாளாக நிற்பதே முறை. மேஸ்திரி சொன்னபடி கலவை சுமந்துகொண்டு ஒரு வாரம் இருந்தாலே அந்த ஊர்ப் பேச்சில் ஐம்பது வார்த்தை வந்துவிடும்.

பேசுகிற ஊழியத்தில் கணக்கு வேறு. மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசினால் 20 நிமிடச் செய்தி 40 நிமிடம் ஆகும், 3 நிமிடச் சாட்சி 6 நிமிடம் ஆகும். ஒரு வாக்கியம் முடிந்த பிறகு நிறுத்த வேண்டும். பாதி வாக்கியத்தில் நிறுத்தினால் மொழிபெயர்ப்பவர் மீதியைத் தானாக ஊகித்துச் சொல்வார். வசனக் குறிப்புகளை முந்தின நாள் இரவே அவர் கையில் கொடுத்துவிட வேண்டும், அவர் தன் மொழி வேதாகமத்தில் எடுத்துவைக்கட்டும். சிலேடை, பழமொழி, கிரிக்கெட் உதாரணம் எதுவும் மொழி தாண்டாது. மாநாடுகளில் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர்களே 20, 30 நிமிடத்துக்கு ஒருவர் மாறி உட்காருகிறார்கள். ஆனால் மிஷன் பயணத்தில் ஒரே தம்பியையோ தங்கையையோ காலையிலிருந்து இரவுவரை நிற்கவைக்கிறோம். 8 பேருக்கு 2 மொழிபெயர்ப்பாளர் என்பதை ஏற்பாட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

கூட்ட முடிவில் இயேசுவை ஏற்றுக்கொண்டதாக எத்தனை கை உயர்ந்தது என்று எண்ணி அறிக்கை அனுப்புகிற பழக்கத்தை நாங்கள் ஏற்கவில்லை. தூரத்திலிருந்து வந்த விருந்தாளி ஒரு கேள்வி கேட்டு, கையை உயர்த்தச் சொன்னால் மரியாதைக்காகவே பலர் உயர்த்துவார்கள். போன ஆண்டு கை உயர்த்தியவர்களில் இன்று யார் சபைக்கு வருகிறார்கள் என்று உள்ளூர்ப் போதகருக்குத் தெரியும். எண்ணிக்கையை அவரிடமே கேளுங்கள், அதுவும் ஆறு மாதம் கழித்து.

அடுத்தது, பயிற்சியும் ஊழியமும் சேர்ந்த நீண்ட வகை. 1960-இல் லோரன் கன்னிங்ஹாம் தொடங்கிய யூத் வித் எ மிஷன் அமைப்பின் சீஷத்துவப் பயிற்சிப் பள்ளி இதில் பலருக்கும் தெரிந்தது. சுமார் 12 வாரம் வகுப்பு, அதன் பின் 8 முதல் 12 வாரம் வெளிக்கள ஊழியம், ஆக ஏறக்குறைய ஐந்து மாதம். வகுப்புகளில் ஜெபம், மனந்திரும்புதல், தேவனுடைய சுபாவம் போன்ற தலைப்புகள் வரும். இவற்றுடன் சமையல், துப்புரவு என அன்றாட வேலையும் உண்டு. விசுவாசத்தில் வேர்விட வேண்டும் என்கிற வாலிபருக்கு 2 வாரப் பயணத்தைவிட இதையே பரிந்துரைப்போம். சொந்தச் சபையின் ஆராதனையும் வீட்டாரின் ஜெபமும் பக்கத்தில் இல்லாத ஏழாவது, எட்டாவது வாரத்தில் தான் எதை நம்புகிறோம் என்பது அவரவருக்கே தெளிவாகிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒவ்வொரு மையமும் தன் பொறுப்பில் பள்ளியை நடத்துகிறது, ஆகவே ஒன்றைக் கேள்விப்பட்டு இன்னொன்றில் சேர வேண்டாம். எந்த மையம், யார் தலைமை, போன வகுப்பு எங்கே ஊழியத்துக்குப் போனது என்று குறிப்பாகக் கேளுங்கள். வகுப்புக் கட்டணமும் வெளிக்களச் செலவும் தனித்தனி என்பதையும் மறந்துவிடாதீர்கள்; முதலாவதை மட்டும் திரட்டிக்கொண்டு போய் நடுவில் தவிப்பவர்கள் உண்டு.

11 மாதத்தில் 11 நாடு என்று அறியப்பட்ட வேர்ல்ட் ரேஸ் போன்ற திட்டங்கள் குழுவாக வாழக் கற்றுக்கொடுக்கும். ஆனால் ஒரு நாட்டுக்கு ஒரு மாதம் என்பது ஊழியத்துக்குக் குறைவு. தெருப்பிள்ளைகளின் பெயர் மனதில் பதிகிற நேரத்தில் மூட்டை கட்ட வேண்டியிருக்கும்.

கப்பல் ஊழியத்துக்கு எங்களிடம் தனி மரியாதை உண்டு. ஆப்பரேஷன் மொபிலைசேஷன் என்னும் மிஷன் அமைப்பு 1970-இல் லோகோஸ் கப்பலில் தொடங்கி, 1914-இல் கட்டப்பட்ட டூலோஸ் கப்பலை 2009 வரை ஓட்டியது. அதன் பின் வந்த லோகோஸ் ஹோப் ஒரு மிதக்கும் புத்தகக் கண்காட்சி. 1978-இல் தொடங்கிய மெர்சி ஷிப்ஸ் அறுவை சிகிச்சைக் கப்பல்களை நடத்துகிறது. மருத்துவர், செவிலியர் மட்டுமல்ல, சமையல்காரர், எலக்ட்ரீஷியன், மெக்கானிக் எல்லோருக்கும் அங்கே இடம் உண்டு. மேடை ஊழியத்தை எதிர்பார்த்து ஏறுகிறவர்களுக்கு ஏமாற்றம் வரும், ஏனென்றால் பெரும்பாலான நாட்கள் இயந்திர அறையிலோ சலவையிலோ பாத்திரம் கழுவுவதிலோதான் போகும். சம்பளம் இல்லை, பணம் கொடுத்துத் தாங்குகிறவர்களை அவரவரே திரட்ட வேண்டும். கைத்தொழில் தெரிந்த வாலிபருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் குறைவு.

எந்த வகையானாலும் விசா விஷயத்தில் சமரசம் கூடாது. "டூரிஸ்ட் விசா போதும், கேட்டால் சுற்றிப் பார்க்க வந்தோம் என்று சொல்லுங்கள்" என்கிற அமைப்பாளர் வாலிபரைப் பொய் சொல்லப் பழக்குகிறார். பல நாடுகளில் சுற்றுலா விசாவில் மதப் பிரசாரம் செய்வது விசா மீறல். நேபாளத்தில் 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டம் பிறரை மதம் மாற்றுவதற்கு 5 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்ததும் நாட்டை விட்டு அனுப்புவார்கள். நாம் ஊர் திரும்பிவிடலாம், நம்மை அழைத்த போதகர் அங்கேயே இருக்க வேண்டும். ஜெபக் கடிதத்தில் அவர் பெயர், ஊர், ஞானஸ்நானப் படம் எதுவும் வரக்கூடாது. கைப்பேசியில் எடுத்த படத்தோடு இடக்குறிப்பும் போகும், அதை முதலில் அணைத்துவிடுங்கள்.

அநாதை இல்லங்களுக்கு ஒரு வாரம் போய்ப் பிள்ளைகளோடு விளையாடுகிற திட்டம் எதையும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். இப்படிப்பட்ட இல்லங்களில் உள்ள பிள்ளைகள் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். பார்வையாளர் பணம் வரவரப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவருகிற இல்லங்களும் முளைத்தன. 2018-இல் ஆஸ்திரேலியா தன் நவீன அடிமைத்தனச் சட்டத்தோடு இந்தக் கடத்தலையும் சேர்த்துப் பேசியது. வாராவாரம் புதிய அண்ணன் அக்கா வந்து மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டுப் போனால் பிள்ளையின் மனம் யாரையும் நம்ப மறுக்கும். குடும்பங்களைத் தாங்குகிற உள்ளூர் ஊழியத்துக்கு அந்தப் பணத்தை அனுப்பலாம். மற்றப் பிள்ளைகள் ஊழியத்திலும் காவல்துறைச் சரிபார்ப்பு, தனியாக ஒருவர் பிள்ளையோடு இருக்கக்கூடாது என்கிற விதி, படம் எடுக்கப் பெற்றோர் அனுமதி இம்மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும்.

மருத்துவப் பக்கம் சுருக்கமாக. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று, போட்ட 10 நாள் கழித்தே செல்லும். 2016 ஜூலை முதல் அது ஆயுள் முழுவதற்கும் போதும். மலேரியா மாத்திரையில் வழக்கமான தவறு, ஊர் திரும்பியதும் நிறுத்துவது. டாக்ஸிசைக்ளின் என்றால் திரும்பிய பின்னும் 4 வாரம், அட்டோவாகுவோன்-புரோகுவானில் என்றால் 7 நாள் தொடர வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பின் ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேலான மலைப்பகுதியில் 3 நிமிடம். பாஸ்போர்ட் 6 மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. மருந்து மூட்டை கட்டிக்கொண்டு போய்க் கொடுப்பதை விட்டுவிடுங்கள். நன்கொடை மருந்துக்குச் சேரும்போதே குறைந்தது ஓராண்டு ஆயுள் மிச்சம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல், அதையும் அந்த நாடு கேட்டால்தான் அனுப்ப வேண்டும்.

கட்டணச் சீட்டில் விமானம், தங்கல், காப்பீடு, அமைப்பாளர் நிர்வாகம், உள்ளூர்ச் சபைக்குப் போவது என்று ஐந்து வரியாவது பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். கடைசி வரி பூஜ்யமாக இருந்தால் அந்தச் சபைதான் நமக்குச் சோறு போடுகிறது என்று அர்த்தம். காணிக்கை தனியார் கணக்குக்குப் போகாமல் சபைக் கணக்கு வழியாக வரட்டும். மிஞ்சியது எதற்குப் போகும் என்பதைத் தாங்குகிறவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

திரும்பி வருவதைப் பற்றி அமைப்பாளர்கள் குறைவாகப் பேசுகிறார்கள், ஆனால் வாலிபர் சறுக்குவது அங்கேதான். மறுரூப மலையிலிருந்து இறங்கி வந்தவர் மறு வாரமே கல்லூரித் தேர்வுக்கும் வேலைக்கும் போகிறார், ஜெபம் வறண்டுபோகிறது, குற்ற உணர்வு வருகிறது. ஊர் திரும்பும் விமானம் ஏறும் முன் ஒரு முழு நாள் உட்கார்ந்து பேச வேண்டும், பிறகு 3 வாரத்தில் ஒரு தடவை, 3 மாதத்தில் ஒரு தடவை. முதல் ஊழியப் பயணம் முடிந்து பவுலும் பர்னபாவும் அந்தியோகியாவுக்குத் திரும்பி வந்து, சபையைக் கூட்டி, நடந்ததைச் சொல்லி, அங்கே நெடுநாள் தங்கினார்கள்.

நடுவிலேயே வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வீர்கள் என்பதையும் தலைவரிடம் கேளுங்கள். டிக்கெட் மாற்றும் செலவு யாருடையது, விமான நிலையம் வரை யார் கூடப் போவார், பெற்றோரிடம் யார் பேசுவார் என்று பதில் தயாராக இருக்க வேண்டும். பவுலோடு போன மாற்கு என்னும் யோவான் பெர்கேயிலிருந்து பாதியில் எருசலேமுக்குத் திரும்பினவர். பிற்காலத்தில் பவுலே அவரை அழைத்து வரச் சொல்லி எழுதினார். பாதியில் வந்த வாலிபரை ஞாயிறு ஆராதனையில் எழுப்பிச் சாட்சி சொல்லச் சொல்லாதீர்கள். மூத்தவர் ஒருவர் அந்த வாரமே வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.