பிரிந்த பிறகு பிள்ளை: கிழமை மாற்றமா, ஒரே வீடா?

தாயும் தகப்பனும் பிரிந்தால் பிள்ளை எங்கே இருப்பது என்ற கேள்விக்கு இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழ் ஊர்களில் பாதி விடை முன்கூட்டியே கிடைத்துவிடும். வீடு வளவு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவதும் கல்யாணம் முடித்தவன் அங்கே போய் இருப்பதும்தானே எங்கள் வழக்கம். பிணக்கு முற்றினால் பெட்டியோடு வெளியே வருபவனும் அவன்தான். நான் அப்படி வந்தவன். மகள் கல்லடியில் தாயோடும் அம்மம்மாவோடும் இருக்கிறாள், நான் என் ஊரான காரைதீவில்.

மாவட்ட நீதிமன்றத்தில் பேசி முடிப்போம் என்ற கட்டத்துக்கு வந்தபோது மூன்று வழி இருந்தது. பிள்ளை தாயோடு, தகப்பன் ‘நியாயமான நேரங்களில்’ பார்க்கலாம் என்று ஒரே வரியில் விடுவது ஒன்று. ஒரு கிழமை அங்கே, ஒரு கிழமை இங்கே என்பது இன்னொன்று. பிள்ளைக்கு ஒரே வீடு, மற்றவருக்கு நாள், நேரம், இடம் எல்லாம் எழுதிய நீதிமன்றக் கட்டளை என்பது மூன்றாவது. நாங்கள் எடுத்தது மூன்றாவது. அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

(பிள்ளை அசையாமல் இருக்க, தாயும் தகப்பனும் முறைவைத்து வந்து போகும் ஏற்பாடும் சில நாடுகளில் உண்டு. சீதன வீட்டில், மாமி விறாந்தையில் இருக்க, நான் முறைக்கு வந்து தங்குவதா? அதை விடுவோம்.)

கிழமை மாற்றம் கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் கல்லடிக்கும் காரைதீவுக்கும் இடையில் நாற்பது கிலோமீற்றருக்கு மேல். பள்ளிக்கூடப் பிள்ளையை விடிய எழுப்பி அவ்வளவு தூரம் பஸ்ஸில் ஏற்ற முடியாது. ஒருவர் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மற்றவர் மேற்கே படுவான்கரையிலும் என்றால் இன்னும் மோசம்: குருமண்வெளியில் ‘பாதை’ என்கிற மிதவைப் படகுக்குக் காத்திருந்து மண்டூருக்குப் போக வேண்டும், மாரியில் அதற்கும் உத்தரவாதமில்லை. இரண்டு வீடும் ஒரே ஊரில் இருந்தால் கதை வேறாகலாம். அப்படி வாழ்ந்து பார்த்தவனில்லை என்பதால் அழுத்திச் சொல்லமாட்டேன்.

தூரத்தைவிடப் பெரிய விசயம் ஒன்று இருக்கிறது. ஒரு ஏற்பாட்டை ஓட்ட, பிரிந்த இருவரும் எத்தனை தரம் பேச வேண்டியிருக்கிறது? கிழமை மாற்றத்தில் தினமும் பேச்சுத்தான். காய்ச்சல் மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தது, கணக்குக் கொப்பி எந்த வீட்டில், வெள்ளைச் சப்பாத்து எங்கே, ரியூசனுக்கு யார் ஏற்றிப் போவது. முகம் பார்க்கவே விரும்பாத இருவர் இதையெல்லாம் பேசமாட்டார்கள். அப்போது தூது போவது பிள்ளைதான். “அம்மா கேட்டுவரச் சொன்னா”, “அப்பா ஏலாதாம்” என்று ஒன்பது வயதுப் பிள்ளை இரண்டு பக்கத்துக் கோபத்தையும் பக்குவமாக வடிகட்டிச் சொல்லப் பழகுகிறது.

‘நியாயமான நேரம்’ என்ற ஒற்றை வரியும் அங்கேதான் கொண்டுபோய் விடும். ஞாயிறு பின்னேரம் நியாயமா? தவணைச் சோதனைக் கிழமை நியாயமா? ஒவ்வொரு தரமும் புதிதாகப் பேரம் பேச வேண்டும், பிள்ளை கையில் இருப்பவர் சொன்னதுதான் சட்டம். இருவருக்குள்ளும் இன்னும் நல்ல மரியாதை இருந்தால் இந்த வரியே போதும். அப்படிப்பட்டவர்களுக்குக் கட்டளையே பெரிதாகத் தேவைப்படாது.

எங்கள் கட்டளையில் மாதத்தில் இன்ன இரண்டு சனிக்கிழமைகள், காலை ஒன்பது மணி, கல்லடிச் சந்தி, மறுநாள் பின்னேரம் அதே இடம் என்று இருக்கிறது. சித்திரைப் புதுவருசம் ஒருவருடம் அங்கே, மறுவருடம் இங்கே. தவணை லீவு பாதிப் பாதி. சட்டத்தரணி ஆரம்பத்தில் இவ்வளவு நுணுக்கம் வேண்டுமா என்றார். கண்ணகை அம்மன் சடங்கு வருடா வருடம் வேறு திகதியில் வரும் என்பதால், காரைதீவில் சடங்கு முடியும் குளிர்த்தி நாளும் அதற்கு முதல் நாளும் மகள் என்னோடு என்று எழுதினோம். அதற்காக இன்றுவரை ஒரு போன் எடுக்கவில்லை. கட்டளைக்குப் பிறகு மகளின் தாயும் நானும் சந்தியில் நாலு வார்த்தைதான் பேசுகிறோம், அந்த நாலும் சண்டையில்லாமல் முடிகிறது.

கைக்குழந்தைக்கு இது பொருந்துமா என்பதை அதை வளர்த்தவர்களிடம் கேளுங்கள். அடி, மிரட்டல் இருந்த வீடென்றால் இந்த ஒப்பீடே வேண்டாம்: சந்திப்பு மூன்றாம் ஆள் முன்னிலையில்தான் நடக்க வேண்டும், அதை நீதிமன்றத்திடம் வெளிப்படையாகக் கேட்க வேண்டும்.

பிள்ளையின் செலவுக்குக் கொடுக்கும் தாபரிப்புப் பணம் இதில் சேராது. அது 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும் தனி விசயம். பிள்ளையைக் காட்டவில்லை என்று காசை நிறுத்துவதும், காசு வரவில்லை என்று பிள்ளையை மறைப்பதும் இரண்டுமே பிழை. காத்தான்குடி, மருதமுனைப் பக்கத்து முஸ்லிம் சகோதரர்களுக்கு விவாகரத்தும் தாபரிப்பும் காதி நீதிமன்றத்தில் முடிந்தாலும், பிள்ளையின் பொறுப்பு என்று வந்தால் மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் வரவேண்டும். யாராக இருந்தாலும் அங்கே முதலில் பார்ப்பது பிள்ளையின் நலனை. நிலைமை மாறினால் கட்டளையை மாற்றித் தரும்படி பிறகும் கேட்கலாம்.

இணக்க நிபந்தனைகளில் கையெழுத்து வைக்கும் முன் அடுத்த ஆறு மாதக் கலண்டரை விரித்து ஒருதரம் ஓட்டிப் பாருங்கள். போயா, சோதனை, கோயில் திருவிழா எல்லாவற்றையும் குறியுங்கள். எந்த நாளில் மற்றவருக்குப் போன் எடுக்க வேண்டி வருகிறதோ, அந்த நாளுக்கு இன்னும் ஒரு வரி எழுத இருக்கிறது.