திங்க்பேட் டி14 ஜென் 5: ரெண்டு ஸ்லாட்டுக்காகவே வாங்கினேன்

என் பழைய லேப்டாப்பில் ரேம் 8 ஜிபி. கம்பெனி பேர் வேண்டாம். எனக்குப் புத்தக லேஅவுட்தான் தொழில். 400 பக்க ஃபைலோடு ஃபோட்டோஷாப்பையும் திறந்தால் மவுஸ் அப்படியே உறைந்துவிடும். ரேம் ஏற்றலாம் என்று சர்வீஸ் சென்டருக்குப் போனால், "ஆன்போர்டு மேடம், மதர்போர்டையே மாத்தணும்" என்றார்கள். ரேமைப் போர்டிலேயே பற்றவைத்திருந்தார்களாம். வாங்கி மூணு வருஷம்கூட ஆகவில்லை.

அதனால் இந்தத் தடவை முதல் கேள்வியே ஸ்லாட், அதாவது ரேமைக் கழற்றி மாட்டுகிற இடம், எத்தனை என்பதுதான். லெனோவோவின் திங்க்பேட் லேப்டாப்களில், 2018-இல் வந்த டி480-இல் ரெண்டு ஸ்லாட் இருந்தது. அடுத்த வருஷமே டி490-இல் ஒரு பங்கு ரேமை போர்டில் பற்றவைத்து, ஒரே ஸ்லாட் விட்டார்கள். அதற்குப்பின் வந்த டி14 வரிசையிலும் ஜென் 4 (நாலாம் தலைமுறை) வரை ஒரு ஸ்லாட்டுக்கு மேல் கிடையாது. 2024-இல், ரிப்பேர் வழிகாட்டிகள் வெளியிடும் ஐஃபிக்ஸிட் ஆட்களைக் கூட வைத்துக்கொண்டு வடிவமைத்த ஜென் 5-இல் ரெண்டு ஸ்லாட்டும் திரும்பி வந்தன. ஒன்றே ஒன்று வாங்கும் என்னைப் போன்றவர்களின் புலம்பலுக்காக இருக்காது, நூறு நூறாக வாங்கும் ஆபீஸ்காரர்கள் கேட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். ஆனால் டி440-இல் டிராக்பாயின்ட் (கீபோர்டு நடுவில் மவுஸ் மாதிரி வேலை செய்யும் சிவப்புக் குமிழ்) பட்டன்களைத் தூக்கிவிட்டு, வாங்கினவர்கள் போட்ட கூச்சலில் 2015-இல் டி450-இல் திருப்பி வைத்ததும் இதே லெனோவோதான்.

16 ஜிபி ஒற்றை ரேம் ஸ்டிக்கோடு வாங்கினேன். இன்னொரு 16-ஐ சென்னை ரிச்சி தெருவில் எடுத்துவந்து நானே போட்டேன். பயாஸில் (விண்டோஸ் ஏறுமுன் திறக்கும் செட்டிங்ஸ் திரை) பேட்டரியை முடக்கிவிட்டு, அடிமூடி ஸ்க்ரூக்களைத் தளர்த்தினால் போதும். அவை மூடியோடவே ஒட்டிக்கொண்டிருக்கும், கட்டிலுக்கடியில் தேட வேண்டியதில்லை. ஓரத்தை நெம்ப பழைய ஏடிஎம் கார்டு. ஸ்டிக்கைச் சாய்வாகச் செருகி அமுக்கினால் ரெண்டு பக்கக் கொக்கியும் 'க்ளிக்'. ஆன் செய்தால் திரை கறுப்பு. ஒரு நிமிஷம் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. புது டிடிஆர்5 ரேமை மெஷின் முதல் தடவை பழகிக்கொள்ள அவ்வளவு நேரம் எடுக்குமாம்.

குறையும் உண்டு. போர்டில் பற்றவைக்கிற எல்பிடிடிஆர்5எக்ஸ் ரக ரேம் வேகம் கூடியது, பேட்டரியையும் குறைவாகக் குடிக்கும். என் தோழியின் ஒல்லி லேப்டாப் சாயங்காலம்வரை தாங்குகிறது, என்னுடையது மதியமே சார்ஜர் கேட்கிறது. அதே ரகத்தை ஸ்க்ரூ போட்டு மாட்டுகிற எல்பிகேம்2 என்ற ரேம் அட்டை லெனோவோவின் திங்க்பேட் பி1 ஜென் 7 லேப்டாப்பில் 2024-லேயே வந்துவிட்டது. என் பட்ஜெட்டுக்கு அது எட்டவில்லை. ஸ்பீக்கரும் சுமார்தான்.

போன மாதம் அக்கா பையனுக்கு லேப்டாப் பார்க்கப் போனோம். ஸ்லாட் எத்தனை என்றேன். கடைப் பையன் விழித்தான், உள்ளே போய்க் கேட்டுவந்து, "இது 8 ஆன்போர்டு மேடம், ஸ்லாட் இல்ல" என்றான். வேண்டாம் என்று எழுந்தோம். "இருங்க மேடம், ஸ்லாட் உள்ளது ஒண்ணு இருக்கு" என்று மேல்தட்டிலிருந்து இன்னொரு பெட்டியை இறக்கினான்.