அங்கவடி எலும்புக்காக வாங்கிய காது மாடல்

பதினோராம் வகுப்பு விலங்கியலுக்காக ஆன்லைனில் 2,350 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அசல் காதைப்போல் 5 மடங்கு. ஒரு பருவம் முழுக்க வகுப்பில் புழங்கிய பிறகு எழுதுகிறேன்.

செவிப்பறை தனியாகக் கழன்று வருகிறது. நத்தை எலும்பு, அரைவட்டக் குழல்கள் எல்லாம் தெளிவு. இத்தனை கை பட்டும் பெயின்ட் உரியவில்லை.

ஆனால் நான் வாங்கியது நடுக்காதின் குட்டி எலும்புகளான சுத்தி, பட்டடை, அங்கவடி மூன்றுக்காகத்தான். அதில்தான் ஏமாற்றம். மூன்றையும் ஒரே அச்சில் வார்த்துவிட்டார்கள். சுத்தி எங்கே முடிகிறது, பட்டடை எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. அங்கவடியின் அடித்தட்டு அசலில் சுமார் 3 மி.மீ. நீளம், ஏறக்குறைய 1.4 மி.மீ. அகலம். 5 மடங்கென்றால் 15-க்கு 7 வரவேண்டும். ஸ்கேல் வைத்து அளந்தேன்: 12-க்கு 12. சட்டைப் பொத்தான் மாதிரி வட்டம்! உட்காதின் வாசலான நீள்வட்டச் சன்னலில் இது எப்படிப் பொருந்தும்?

சின்னக் குறை என்று விடமுடியாது. காற்றில் வரும் ஒலி நேராக உட்காதின் திரவத்தில் மோதினால் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். செவிப்பறையில் அதிரும் பரப்பு சுமார் 55 சதுர மி.மீ., அடித்தட்டு 3.2தான். அங்கே வாங்கிய விசை இத்தனூண்டு இடத்தில் இறங்குவதால் அழுத்தம் 17 மடங்காகிறது. எலும்புகளின் நெம்புகோல் பலனும் சேர்ந்தால் 22 மடங்கு. பாடத்தின் உயிரே இந்தக் கணக்குதான்.

என் அம்மாவுக்கு இந்த அடித்தட்டுதான் இறுகிப்போனது. ஓட்டோஸ்கிளிரோசிஸ் என்கிற காது நோய். நாங்கள் பேசுவது கேட்காமலே தலையாட்டிக்கொண்டு பல வருஷம் இருந்தார். அங்கவடியின் மேல்பகுதியை எடுத்துவிட்டு ஒரு குட்டி பிஸ்டன் வைத்தார்கள். காதில் வைத்திருந்த பஞ்சை எடுத்த அன்று சாயங்காலம், "குழாய் சொட்டுது பாரு, மூடு" என்றார்.

பெட்டியில் கூடவே ஓர் அக்ரிலிக் கட்டி வருகிறது. உள்ளே மூன்று எலும்புகளும் அசல் அளவில், தனித்தனியாக. இதை யார் செய்தார்களோ, கைக்கு வணக்கம். அங்கவடி பச்சரிசியில் பாதிதான் இருக்கும். அதிலும் இரண்டு கால்களுக்கு நடுவே துளை தெரிகிறது. கருவில் அந்தத் துளை வழியாக ஒரு தமனி ஓடி, பிறகு மறைந்துவிடும் என்று சொன்னதும், கடைசி பெஞ்சுப் பிள்ளைகள்கூட எழுந்து வந்து கட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள்.

5-க்கு 3 தருகிறேன். அந்தக் கட்டியை மட்டும் தனியாக விற்றால் இன்னும் இரண்டு வாங்கிக்கொள்வேன்.