நியாசின் 500: மாத்திரை நல்லது, லேபிள்தான் மோசம்

ஆன்லைனில் நியாசின், அதாவது வைட்டமின் பி3, மாத்திரை பாட்டிலுக்கு விலை இறங்கியிருக்கிறது, வாங்கிப் போடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பி3 என்றால் என்ன, எதற்கு என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்ததுதான். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மருந்து ஒத்துக்கொள்ளாமல், டாக்டர் மேற்பார்வையில் இதை நெடுநாளாக எடுப்பவன் என்ற முறையில், எனக்கு இன்றுவரை ஆத்திரம் தீராத விஷயத்தையே முதலில் சொல்கிறேன்: அந்த லேபிள்.

முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'நியாசின் 500'. அந்த ஒரே பெயருக்குள் மூன்று வெவ்வேறு சரக்கு இருக்கலாம். பாட்டிலைத் திருப்பி, பொடி எழுத்தைப் படித்தால்தான் எது என்று தெரியும். 'நிகோடினிக் அமிலம்' என்றிருந்தால் கொழுப்பைக் குறைப்பது அது. முகம் சிவப்பதும் அதனால்தான். 'நியாசினமைடு' அல்லது 'நிகோடினமைடு' என்றால் பி3 குறைபாடு தீரும், முகம் சிவக்காது, கொலஸ்ட்ரால் இருந்த இடத்திலேயே இருக்கும். 'இனோசிடால் ஹெக்ஸாநிகோடினேட்' என்பதைத்தான் 'நோ ஃப்ளஷ்' என்று விற்கிறார்கள். அதிலிருந்து ரத்தத்துக்கு வந்து சேரும் நிகோடினிக் அமிலம் மிகச் சொற்பம். அதனால்தான் சிவப்பதில்லை, அதே காரணத்தால் கொழுப்பும் குறைவதில்லை.

பின்னால் சொன்ன இரண்டும் போகட்டும், காசுதான் நஷ்டம். உண்மையில் பயப்பட வேண்டியது 'ஸ்லோ ரிலீஸ்', 'டைம் ரிலீஸ்' என்று போட்டு, டாக்டர் சீட்டு இல்லாமலே கிடைக்கிற பாட்டிலுக்கு. உள்ளே இருப்பது அதே நிகோடினிக் அமிலம், மெல்லக் கரையும்படி செய்தது. கல்லீரல் நியாசினை இரண்டு வழிகளில் கையாள்கிறது. சாதா மாத்திரை சட்டென்று கரைந்து மொத்தமாக வரும்போது ஒரு வழி நிரம்பிவிடும். மிச்சம் கிளைசின் என்ற அமினோ அமிலத்தோடு சேர்ந்து சிறுநீரில் போய்விடும். சொட்டுச் சொட்டாக வந்தால் பெரும்பகுதி அந்த முதல் வழியிலேயே போகிறது. கல்லீரலைக் கெடுப்பது அந்த வழிதான். 1994-ல் வெளியான ஆய்வொன்றில் 46 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சாதா மாத்திரையும் மறு பாதிக்கு மெல்லக் கரைவதும் கொடுத்து, அளவைப் படிப்படியாகக் கூட்டினார்கள். மெல்லக் கரைவதை எடுத்த 23 பேரில் 12 பேருக்குக் கல்லீரல் பாதிப்பு. சாதா மாத்திரைக்காரர்களில் ஒருவருக்கும் இல்லை. சாதா மாத்திரையில் 2 கிராம் எடுப்பவர் சிவப்புக்குப் பயந்து அதே 2 கிராமை ஸ்லோ ரிலீஸில் எடுக்கத் தொடங்குவதுதான் இதில் இருக்கிற மிக மோசமான தவறு. இந்த எச்சரிக்கை லேபிளில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். நான் பார்த்த பாட்டில்களில் இல்லை.

சிவப்பைப் பற்றி. சாதா மாத்திரை போட்டு 15 முதல் 30 நிமிடத்தில் காது மடலும் கன்னமும் சூடாகும், பிறகு கழுத்து, மார்பு, முன்கை. கம்பளிப்பூச்சி ஊர்ந்த மாதிரி அரிக்கும். ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். இது அலர்ஜி அல்ல. தோலில் சுரக்கும் புராஸ்டகிளாண்டின் என்ற பொருள் ரத்தக்குழாய்களை விரிப்பதால் வருவது. மூச்சு முட்டினாலோ, உதடு வீங்கினாலோ, மயக்கம் வந்தாலோ அது வேறு விஷயம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சமாளிக்கும் முறை எளிது. வெறும் வயிற்றில் கூடவே கூடாது, சாப்பாட்டின் நடுவிலோ முடிவிலோ போட வேண்டும். கூடவே சூடான காபி, டீ, காரம், மது வேண்டாம். தொடக்கத்தில் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு 250 மி.கி., அதாவது நடுக்கோடு போட்ட 500 மாத்திரையில் பாதி. 4 முதல் 7 நாளுக்கு ஒருமுறை டாக்டர் சொன்னபடி ஏற்றலாம். மெல்லக் கரையும் மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ கூடாது, உள்ளே இருப்பது ஒரே நேரத்தில் கொட்டிவிடும். அரை மணி முன்னால் ஆஸ்பிரின் போட்டால் சிவப்பு குறையும் என்பது உண்மை. ஆனால் அல்சர், ஆஸ்துமா இருப்பவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் தாமாக அதைச் செய்யக் கூடாது. தொடர்ந்து எடுத்தால் சில வாரங்களில் உடம்பு பழகிக்கொள்ளும். இடையில் பல நாள் விட்டுப்போனால் பழைய அளவுக்கே போகாமல், கீழிருந்து தொடங்க வேண்டும்.

தொடங்கும் முன் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி (இரண்டும் கல்லீரல் டெஸ்ட்), சர்க்கரை, யூரிக் அமிலம் நான்கும் பார்த்தாக வேண்டும். கல்லீரல் டெஸ்ட் முதல் வருடம் 6 முதல் 12 வாரத்துக்கு ஒருமுறை. நியாசின் சர்க்கரையை ஏற்றும், கவுட் (யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு நோய்) இருப்பவருக்கு மூட்டுவலியைக் கிளப்பும். குமட்டல், பசியின்மை, சிறுநீர் கருமஞ்சளாவது, இதில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள்.

சாதா 500 மீது எனக்கு மனக்குறை கிடையாது. மலிவு, பாதியாக உடைக்கலாம், ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பைக் கண்கூடாகக் குறைக்கிறது, 'நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படும் எச்டிஎல் ஏறுகிறது. ஆனாலும் நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். அவர் ஏற்கெனவே ஸ்டேட்டின் எடுக்கிறார். ஸ்டேட்டினோடு நியாசின் சேர்த்தால் மாரடைப்பு குறையுமா என்று பார்த்த எய்ம்-ஹை ஆய்வு பலன் தெரியாமல் 2011-ல் பாதியில் நிறுத்தப்பட்டது. 25,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட எச்பிஎஸ்2-த்ரைவ் 2014-ல் சொன்னதும் அதுவே. கூடவே சர்க்கரை நோய், ரத்தக்கசிவு, தொற்று எல்லாம் கூடியிருந்தன. லேப் ரிப்போர்ட்டில் எண் அழகாக இருந்து என்ன பயன்? கொலஸ்ட்ரால் இல்லை, பி3 மட்டும்தான் வேண்டுமென்றால் ஒரு நாள் தேவை 14 முதல் 16 மி.கி.; கடலை, மீன், கோழி சாப்பிடுபவருக்கு அது சாப்பாட்டிலேயே கிடைத்துவிடும். தள்ளுபடிக்காக ஏற்கெனவே ஆர்டர் போட்டிருந்தால், சீலைப் பிரிக்காமல் பின்பக்க லேபிளைப் படமெடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். 'ஸ்லோ', 'டைம்', 'நோ ஃப்ளஷ்' எது கண்ணில் பட்டாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.