புகைச் சோதனையில் தோற்ற காரும் கொருக்குப்பேட்டை மெக்கானிக் ஷெட்டும்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு சந்துக்குள் இருக்கும் இந்த ஷெட்டுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தகரக் கூரையும், தரையில் ஒரு குழியும், சுவரோரம் அடுக்கிய பழைய டயர்களுமே அடையாளம். இன்சூரன்ஸைப் புதுப்பிக்கும் முன் புகைச் சான்றிதழ் எடுத்துவிடலாம் என்று கொண்டுபோன என் பெட்ரோல் கார் சோதனையில் தோற்றுப்போனதால்தான் இங்கே வர நேர்ந்தது.

கார் 2012இல் சென்னையில் பதிவானது. நாடு முழுவதும் 2017இல் நடைமுறைக்கு வந்த பிஎஸ் 4 (பாரத் ஸ்டேஜ் 4) என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி சென்னை போன்ற பெருநகரங்களில் 2010 ஏப்ரலிலேயே வந்துவிட்டதால், பழைய வண்டிதானே என்ற சலுகை இதற்கு இல்லை. ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இஞ்சின் ஓடும் ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 விழுக்காட்டையும் ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்மையும் தாண்டக் கூடாது. என் வண்டி காட்டியவை 0.9, 340. இஞ்சினை நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு உயர்த்திப் பார்த்தபோது 0.97க்கும் 1.03க்கும் இடையில் நிற்க வேண்டிய லாம்டா, அதாவது காற்று-பெட்ரோல் கலவையைக் காட்டும் அளவு, 1.06இல் நின்றது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் 10,000 ரூபாய் வரை போகலாம் என்பதால், இதைத் தள்ளிப்போடவும் துணிவில்லை.

முதலில் வேறொரு பட்டறைக்குத்தான் போனேன். அங்கே சோதனைத் தாளை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போய்விட்டது, மாற்றினால் இருபதாயிரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். கொருக்குப்பேட்டை மெக்கானிக் அதே தாளை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு முறை படித்தார். "சார், மெஷின் பொய் சொல்லாது, ஆனா உங்க வண்டி ரெண்டு வாயால பேசுது" என்றார்.

அவர் சொன்னதன் சாரம் இது. கார்பன் மோனாக்சைடு கூடியிருந்தால் இஞ்சினில் பெட்ரோல் மிகுந்து காற்று குறைந்திருக்கிறது என்று பொருள். லாம்டா ஒன்றைத் தாண்டினாலோ காற்று மிகுந்திருக்கிறது என்று பொருள். இரண்டும் ஒரே தாளில் வந்தால், இஞ்சினுக்குப் பின்னால், புகை போகும் வழியில் எங்கோ வெளிக்காற்று நுழைகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அப்படி நுழையும் காற்று, புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் சென்சாரை ஏமாற்ற, பெட்ரோல் போதவில்லை என்று நினைத்து வண்டியின் கம்ப்யூட்டர் மேலும் மேலும் ஊற்றுகிறது. கன்வெர்ட்டரைப் புதிதாகப் போட்டிருந்தாலும் இந்தக் கோளாறு அப்படியே இருந்திருக்கும்.

இஞ்சின் ஆறிக் கிடக்கும்போதே சைலன்சர் வாயில் ஈரத் துணியைச் செருகி, ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, அவர் பானெட்டுக்குள் காதை வைத்துக் கேட்டார். இஞ்சினிலிருந்து புகையை வாங்கும் குழாயான மேனிஃபோல்டுக்குக் கீழே, சென்சாருக்கு முன்னால் இருக்கும் இணைப்பிலிருந்து சீறும் ஒலி எனக்கே கேட்டது. இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் கருகியிருந்தது, இரண்டு போல்ட்டுகள் துருப்பிடித்துத் தேய்ந்திருந்தன. கடற்காற்று அடிக்கும் ராயபுரத்தில் தெருவிலேயே நிற்கும் வண்டி, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இரண்டு நாள் தண்ணீரிலும் நின்றது. துருவுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கேஸ்கெட்டும் போல்ட்டுகளும் மாற்றிய பிறகு ஸ்பார்க் பிளக்குகள் நான்கையும் கழற்றினார். ஒன்றின் முனை கறுத்து, இடைவெளி அகன்றிருந்தது. ஹைட்ரோகார்பன் கூடியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று பழையதை என் கையிலேயே கொடுத்தார். கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியில் ஓடிய ஏர் ஃபில்டரின் நிறத்தை இங்கே வருணிக்க விரும்பவில்லை. இஞ்சின் ஆயிலும் மாற்றப்பட்டது. ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடலாமா என்று நானே கேட்டேன். அளவு சரியாக வந்தால் அதைத் தொட வேண்டாம் என்றார். பெட்ரோலில் ஊற்றினால் புகை குறையும் என்று விற்கும் புட்டியைப் பற்றிக் கேட்டதற்குச் சிரித்தார், அவ்வளவுதான். பொருள்களும் கூலியுமாகச் சேர்த்து 4,850 ரூபாய் ஆயிற்று.

நான் பெரிதும் மதிப்பது அடுத்ததாக அவர் செய்ததை. ராயபுரத்திலிருந்து மண்ணடிக்கும் திரும்பவும் மட்டுமே ஓடும் வண்டியில் கன்வெர்ட்டர் ஒரு நாளும் முழுச் சூட்டை எட்டுவதில்லை. ஏறத்தாழ 300 டிகிரியை நெருங்கிய பிறகே அது ஒழுங்காக வேலை செய்யும். ஆகவே என்னையும் ஏற்றிக்கொண்டு எண்ணூர் விரைவுச் சாலையில் இருபது நிமிடங்களுக்கு மேல், கியரைச் சற்றுத் தாழ்வாகவே வைத்து ஓட்டி, இஞ்சினை அணைக்காமல் நேராகச் சோதனை நிலையத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். அளவுகள் 0.11, 64 என்று வந்தன, லாம்டா 1.01. பிஎஸ் 4 வண்டி என்பதால் சான்றிதழ் ஓராண்டுக்குச் செல்லும். பிஎஸ் 3க்கும் அதற்கு முந்தைய வண்டிகளுக்கும் ஆறு மாதம்தான்.

டீசல் வண்டிக்காரர்களுக்கும் ஒரு சொல். நான் காத்திருந்தபோது காசிமேட்டு மீன் வண்டி ஒன்று வந்தது. டீசல் சோதனையில் ஆக்சிலேட்டரைத் தரையோடு பலமுறை மிதிப்பார்கள் என்பதால், டைமிங் பெல்ட்டின் வயதையும் ஆயில் அளவையும் பார்க்காமல் அந்த வண்டியைச் சோதனைக்கு அனுப்ப அவர் மறுத்துவிட்டார். அவசரத்தில் வந்த ஓட்டுநர் முணுமுணுத்தார்; பெல்ட் அறுந்தால் இஞ்சினே போகும் என்பதால் நான் மெக்கானிக் பக்கம்.

குறைகளும் உண்டு. கணக்கைத் துண்டுச் சீட்டில் எழுதித்தான் தருகிறார். ரசீது கேட்டால் முகம் மாறுகிறது. காலையில் விடும் வண்டி மதியம் கிடைக்கும் என்ற வாக்கை நம்பி நான் அரை நாள் விடுப்பு மட்டும் எடுத்திருந்தேன். நடுவில் ஒரு டிரெய்லர் வந்து சேர்ந்ததால் மாலை ஆறரை ஆயிற்று. போனை எடுப்பதில்லை. உட்கார நிழலும் இல்லை. புகை அளக்கும் கருவி ஷெட்டில் கிடையாது என்பதால், தோற்ற தாளை நீங்கள்தான் கையோடு கொண்டுபோக வேண்டும். எண்கள் இல்லாமல் அவர் வண்டியில் கை வைப்பதில்லை.

சோதனைக்குப் புறப்படும்போது ரயில்வே கேட்டைத் தாண்டாமல், ஷெட் இருக்கும் பக்கமே உள்ள நிலையமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். சரக்கு ரயில் ஒன்று குறுக்கே நின்றுவிட்டால், பாடுபட்டு ஏற்றிய சூடு கேட்டிலேயே ஆறிப்போகும்.